வயசான நாய் வீட்டுக்கு வந்தால்: கேள்வி-பதில்

வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள். பத்து வயது நாய் ஒன்றைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பல வருடம் சங்கிலியிலேயே கிடந்ததாம். மற்றவற்றோடு எப்போது விடலாம்? (டர்பன், சாட்ஸ்வொர்த் வாசகி)

முதல் இரண்டு வாரம் விடவே வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. பல வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு கிழவி நாயைக் கூட்டிவந்தேன். கழுத்தில் ரோமம் கொட்டி, சங்கிலி உரசிய இடம் கறுத்துத் தடித்திருந்தது. பாவம், தனியாகக் கிடக்கிறதே என்று அன்றைக்கே என் நாய்களோடு கூடத்தில் விட்டுவிட்டேன். பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. என் கையிலிருந்த ரஸ்க் கீழே விழுந்தது, அவ்வளவுதான். காதில் ஏழு தையல். கிழவிக்கு இல்லை, என் வீட்டு நாய்க்கு!

தனி அறையில் வையுங்கள். டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்), கென்னல் காஃப் (தொற்று இருமல்), சொறி எதையாவது கொண்டுவந்திருந்தால் இந்த நாட்களில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். அது படுத்த துணியை உங்கள் நாய்களுக்கும், அவை படுத்ததை அதற்கும் மாற்றிப் போடுங்கள். முகம் பார்க்கும் முன் வாசனை பழகட்டும். முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். யாருக்கும் சொந்தமில்லாத தெருவில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். மூன்றில் சாதுவானதை முதலில் கூட்டிப் போங்கள், மற்றவை வேறு நாட்களில்.

அப்புறம், உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். வயசான நாய்க்குக் காது மந்தமாக இருக்கலாம், பின்னால் போய்த் தொடாமல் முன்னால் வந்து நில்லுங்கள். சாப்பாடு எத்தனை மாதமானாலும் தனித்தனி இடத்தில்தான்.

எலும்பும் தோலுமாக வந்திருக்கிறது. கோழிக் குழம்பும் சோறும் வயிறு நிறையப் போடட்டுமா? (ஃபீனிக்ஸ்)

மனசு கேட்காதுதான், ஆனாலும் வேண்டாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு குவிந்தால் ரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு சட்டென்று இறங்கும், இதயம் வரை பாதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை கொடுத்து, சில நாட்களில் அளவைக் கூட்டுங்கள். எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். குழம்பில் வெங்காயம் இருக்கிறது, அது நாய்க்கு விஷம். பிராய் (தணலில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்து மிஞ்சும் எலும்பும் கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டு நாளாகப் படுத்தே கிடக்கிறது. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போகிறது. வயசுக் கோளாறா? (டோங்காட்)

இதைப் படித்து முடிக்கக்கூட நிற்காதீர்கள், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிலியரி என்னும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணிக் கடியால் வரும் பபேசியா கிருமி, சிவப்பணுக்களை உடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் உள்ள வகை மிகக் கொடியது. உதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறு வெளுத்திருந்தால் காலை வரை காத்திருக்க நேரமில்லை. கேட்பாரற்றுக் கிடந்த நாய் வீட்டுக்கு வந்த அன்றே காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி தேட வேண்டும். டர்பன் பக்கத்து ஈர வெப்பத்தில் குளிர்காலத்திலும் உண்ணி இருக்கும். உங்கள் பழைய நாய்களுக்கும் சேர்த்தே மருந்து கொடுங்கள்.

மூட்டு வலிக்கு நாம் போடும் மாத்திரையில் பாதி தரலாமா?

கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. நாய்க்கென்றே வலி மருந்து உண்டு. வழுக்கும் டைல்ஸ் மேல் பழைய கம்பளம் விரித்தாலே பாதிச் சிரமம் குறையும்.

கிழட்டு நாய்க்கு ரேபிஸ் ஊசி எதற்கு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இருக்கிறது, ஊசி போடுவது சட்டம். வயசைக் காட்டி விலக்கு கிடையாது. போட்டதற்குச் சீட்டு இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருத்துவர்கள் இலவசமாகவே போடுகிறார்கள். நாய் உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக் போங்கள்.

தீபாவளி வருகிறது. புது நாய் பயந்து ஓடிவிடுமோ? (வெருலம்)

ஓடும். தீபாவளியை ஒட்டியே நவம்பர் 5 கை ஃபாக்ஸ் (Guy Fawkes) நாள் வெடிகளும் வந்துவிடும். இருட்டுவதற்கு முன்பே நடக்கக் கூட்டிப் போய்வந்து, உள்ளறையில் விட்டுத் திரையை இழுத்து, டிவியைப் போட்டுவிடுங்கள். பழைய நாய்களை அந்த அறையில் சேர்த்து அடைக்காதீர்கள், பயத்தில் ஒன்றையொன்று கடிக்கும். கழுத்துப் பட்டையில் உங்கள் செல் நம்பர் இருக்கட்டும். பலகாரத் தட்டோடு வரும் விருந்தாளிகள் கேட்டைத் திறந்துபோட்டு வருவார்கள், அன்று மட்டும் அதற்கொரு பூட்டுப் போடுங்கள்.