எறும்பு யாருடையது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் மெல்போர்னில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைக் கொண்டாடும் நைடாக் வாரத்தை ஒட்டிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அட்டையில் வெட்டிய பூமராங்கைக் கொடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் பெயிண்டைத் தொட்டுப் புள்ளி வைக்கச் சொன்னார்களாம். மகள் செய்ததை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். வகுப்பில் ஓர் அபாரிஜினல் (பூர்வகுடி) பையன் இருக்கிறான். அவன் மட்டும் வெறும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். “எங்க பாட்டி இப்படிப் போட மாட்டாங்க” என்றானாம். நல்ல எண்ணத்தில்தானே செய்கிறார்கள், இதில் என்ன தப்பு என்கிறார் என் கணவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆர்., மெல்போர்ன்

அன்புள்ள ஆர்.,

அவன் குடும்பம் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் விக்டோரியா மாநிலத்துக்காரர்கள் என்றால் அவன் சொன்னது அப்படியே சரி. அங்கே பழைய கேடயங்களிலும் போர்வைகளிலும் இருப்பவை கோடுகள்: வளைகோடு, சாய்சதுரம், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வரிகள். நீங்கள் குடியிருக்கும் மண்ணின் பூர்வகுடி மூத்தவர்களில் ஒருவரான வில்லியம் பாராக் (1903-இல் இறந்தார்) வரைந்த சடங்குப் படங்களைப் பாருங்கள். ஆட்கள் போர்த்தியிருக்கும் பாசம் (possum என்னும் மரமேறும் சிறு விலங்கு) தோல் போர்வை முழுக்கக் கோடுதான்.

புள்ளி வந்தது மத்தியப் பாலைவனத்திலிருந்து. அதுவும் ஒரு பள்ளிக்கூடச் சுவரிலிருந்து என்பதுதான் வேடிக்கை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் பாப்புன்யா என்று ஓர் ஊர். பல மொழி பேசும் மக்களை அரசு கொண்டுவந்து ஒன்றாக அடைத்த குடியேற்றம். 1971-இல் ஜெஃப்ரி பார்டன் அங்கே ஆசிரியராகப் போனார். பிள்ளைகள் வகுப்பில் கௌபாய் படம் போடுவார்கள்; வெளியே போனால் மணலில் விரலால் தங்கள் கோலங்களைப் போடுவார்கள். அதைக் காகிதத்தில் போடுங்களேன் என்று அவர் கேட்டது முதலில் பிள்ளைகளிடம்தான். முன்வந்தவர்கள் பெரியவர்கள். அந்தப் பள்ளியிலேயே தோட்ட வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு.

பள்ளிச் சுவரில், வயிற்றில் தேன் சேர்க்கும் தேனெறும்பின் மூதாதைக் கதையை வரைந்தார்கள். பாப்புன்யாவே அந்தக் கதைக்குரிய தலம். வரைந்தவர்களில் ஒருவரான காப்பா சாம்பிச்சின்பா முதலில் அசல் எறும்பு மாதிரியே போட்டிருக்கிறார். இது உங்கள் எறும்பா என்று பார்டன் கேட்க, இல்லை, உங்களுடையது என்று பதில் வந்ததாம். அப்படியென்றால் உங்களுடையதைப் போடுங்கள் என்றாராம். எறும்பு அழிந்து, அவர்கள் குறியீடு வந்தது. உங்கள் மகளின் வகுப்பில் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

இன்னொன்று. அந்தக் கதையை யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. உரிமையுள்ள பெரியவர் சரி சொல்ல வேண்டும். ஆரம்ப கால ஓவியப் பலகைகளில் சில, பெண்களும் பிள்ளைகளும் பார்க்கக் கூடாதவற்றைக் காட்டிவிட்டன என்று பெரிய சண்டையே வந்தது. பிறகு ரகசியமானதை விட்டார்கள், மறைத்தார்கள். புள்ளிகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். மறைக்க வந்த புள்ளியைத்தான் நாம் பஞ்சுக் குச்சியால் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

அந்தச் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1974-இல் பராமரிப்பு வேலையில் மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

சரியாகச் செய்ததற்கு விக்டோரியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. பழைய பாசம் தோல் போர்வைகளில் இரண்டு மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1999-இல் அவற்றைப் பார்த்த சில பெண்கள் அந்தக் கலையைத் திரும்பக் கற்றார்கள். 2006 காமன்வெல்த் போட்டித் தொடக்கவிழாவில் மூத்தவர்கள் புதுப் போர்வைகளோடு நின்றார்கள். (விக்டோரியாவில் பாசம் விலங்கைக் கொல்லக்கூடாது. தோல் நியூசிலாந்திலிருந்து வருகிறது, அங்கே அது தொல்லைப் பிராணி.) குழந்தைக்குச் சின்னதாகத் தைத்து, வளர வளரத் தோல் சேர்ப்பார்களாம். தோலின் உட்புறத்தில் அவரவர் ஊரும் குலமும் கோடுகளாகப் பதியும், இப்போது சூட்டுக்கோலால். தன் ஊர்க் கோடு எது என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள அரை மணி நேரக் கைவேலை பீரியட் போதாது. சொல்லித்தர ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டில் இருப்பார், பள்ளிக்கூடத்தில் அல்ல.

ஃபிரிட்ஜில் இருப்பதை எடுக்க வேண்டாம், பிள்ளை ஆசையாகச் செய்தது. அடுத்த வருஷத்துக்கு டீச்சரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பாட்டிக்கு விருப்பமிருந்தால் அவரையோ, உள்ளூர் மூத்தவர் ஒருவரையோ வகுப்புக்கு அழைக்கட்டும், வந்த நேரத்துக்குப் பணமும் கொடுக்கட்டும். அப்புறம், பையனை எழுப்பி நிறுத்தி “உங்க கலாச்சாரம் பத்திச் சொல்லு” என்று மட்டும் கேட்க வேண்டாம். அவனுக்கு எட்டு வயதுதானே இருக்கும்.