மாயக் கண்ணாடியை உடைக்க வேண்டாம், மணியைக் கழற்றுங்கள்

கேள்வி: தேயிலை மலைகளைப் போன்ற ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதுகிறேன். அங்கே கைபேசிக்குப் பதில் மாயக் கண்ணாடி, வீட்டுக்கொரு மாய அடுப்புக்கல். மேற்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) இருப்பவர் பணியக்கணக்கில் (கீழ்ப் பிரிவில்) இருப்பவரின் முகம் பார்த்துப் பேசலாம். ஒரு மழை இரவில் மண்சரிவு. நாயகி மலை இறங்கி ஓடி, லயத்து, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டுச் சனங்களை எழுப்ப வேண்டும். "கண்ணாடியில் சொன்னால் போதாதா?" என்று தோழி கேட்கிறாள். அதை உடைத்துவிடட்டுமா? ஒருவர் 25,000 ரூபாவுக்கு முழு 'மாய விதித் தொகுப்பு' எழுதித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- தலவாக்கலை வாசகி

பதில்: வாங்காதீர்கள். உடைக்கவும் வேண்டாம். தேவைப்பட்ட நேரத்தில் சரியாக உடைகிற கருவியில் எழுத்தாளரின் கை தெரிந்துவிடும்.

தொலைபேசி நான்கு வேலை செய்கிறது: ஆளைத் தேடிப் பிடிக்கிறது, மணி அடித்துக் கூப்பிடுகிறது, குரலைச் சுமக்கிறது, அதற்கெல்லாம் சக்தி எடுக்கிறது. உங்கள் கண்ணாடிக்கு நான்கையும் கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். மணியைக் கழற்றுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் நின்றால்தான் பேச்சு. காலையில் ஆள் பதியும் பெரட்டு நேரம், மாலை மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம் என்று பேசும் வேளைகள் தாமாக அமையும். இரவு இரண்டு மணிக்குப் பணியக்கணக்குக் கண்ணாடி முன்னால் யார் நிற்பார்கள்?

இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால், கண்ணாடி ஒளியில் இயங்கட்டும், இரு மலைக்கும் நேர்ப்பார்வை தேவைப்படட்டும். பனிமூட்டம் இறங்கினால் பேச்சில்லை. மண்ணைச் சரிய வைக்கும் அதே மழையே கண்ணாடியையும் மறைக்கிறது, தற்செயலுக்கு இடமில்லை. ஆனால் இதை முன்கூட்டியே, சாதாரண நாளொன்றில் காட்டிவிட வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா கண்ணாடியில் கொழுந்து நிறையைச் சொல்கிறாள், பனி ஏறி முகம் பாதி வெளுக்கிறது, "பதினெட்டா, இருபத்தெட்டா?" என்று மகள் கத்துகிறாள். இவ்வளவு போதும். சரிவு நாளில் விளக்கம் எழுதத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் அடுப்புக்கல். தினம் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க வைக்கும் 'சின்னச் சக்தி' என்கிறீர்கள். கணக்குப் பாருங்கள். 20 பாகை நீரை 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல் வேண்டும். 100 கிலோ கொழுந்தை 300 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 294 கிலோஜூல் போதும். வீட்டுக்கொரு அடுப்புக்கல் இருக்கும் நாட்டில் உங்கள் பெண்கள் ஏன் இன்னும் கூடை சுமக்கிறார்கள்? 'கல் சூடு மட்டும் தரும், சுழற்றாது, தூக்காது' என்று விதி வையுங்கள். அல்லது கல்லுக்குச் சொந்தக்காரர் வேறொருவர் ஆகட்டும். கடன் தீராமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாதபடி கட்டிப்போட்ட துண்டு (கடன் சீட்டு) முறை நம் இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை இருந்தது. துண்டு, ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கையில் இருந்தது போல உங்கள் நாட்டில் கல் இருக்கலாம்.

இந்தச் சக்திக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. பலர் சறுக்கும் இடமும் அதுவே: சாமி வழியாக வரும் மாயம். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவல் ரோதைமுனி (ரோதை என்றால் சக்கரம்). அப்படி ஒரு தெய்வம் உங்கள் கதையில் சக்கரத்தைச் சுற்றினால் ஜூல் கணக்கு செல்லாது, நேர்த்திக் கணக்கே செல்லும். ஆனால் அதுவும் கணக்குத்தான். நேர்த்தியை வேலைக்கு முன்பே வாயால் சொல்லியிருக்க வேண்டும். யார் வைத்தது, எப்போது செலுத்துவது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். செலுத்தாவிட்டால் எது நிற்கும்? ஒரு ரோதையா, முழுத் தொழிற்சாலையுமா? சாமி மறுக்கலாம், ஆனால் கதைக்கு வசதியான நேரத்தில் மட்டும் மறுக்கக் கூடாது. ஒரே கருவி காலையில் கல்லாலும் மாலையில் சாமியாலும் ஓடவும் கூடாது. கல்லுக்குப் பூசை போடுகிறார்கள் என்றால் அது வெறும் மரியாதையா, கல்லை இயக்குவதே பூசையா என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த 25,000 ரூபா. இந்தத் தொகுப்புகள் எல்லாம் ஒரே அச்சு: பஞ்சபூதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறக் கல், ஏழு படிநிலை, ஓர் அட்டவணை. ராஜஸ்தானமா நம் மலையகத்து ராகலையா என்று அதற்குத் தெரியாது. விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "பனியில் வேலை செய்யுமா? பழுதானால் யார் திருத்துவது?" பதில் அட்டவணையில் இருக்காது.

அவர் அத்தோடு நிற்கவும் மாட்டார். அடுத்து அட்டைப்படம், பிறகு நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 'எடுத்துத் தருகிறேன்' என்று வருவார். அந்த எண்ணுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், தரகர் எதற்கு? அச்சுக்கூலியை எழுத்தாளரே கட்டி, விழாவில் முதற்பிரதி, சிறப்புப்பிரதி என்று பண உறை வாங்கி, மிச்சக் கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளும் வழக்கம் இருக்கும்வரை இவர்களுக்கு வருமானம் குறையாது. யாரும் இதை மாற்றுவதாயும் இல்லை.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களென்றால், கதை, பாத்திரங்கள், கருவிகள் அனைத்தின் உரிமையும் உங்களுடையதே என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். 'இணையாசிரியர்' என்ற சொல் எங்கேயாவது இருந்தால் மீதிப் பணம் கட்டாதீர்கள்.