மலைத் தோட்டத்து ஓடையில் குழாய்ப் பாலம்: எந்த அளவுக் குழாய், எப்படிப் போடுவது?

கேள்வி: கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், ஆறு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். தோட்டத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. அடியில் 4 அடி அகலம், கரை 6 அடி உயரம். மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர். வண்டி அக்கரைக்குப் போக ஒரு அடி பிவிசி குழாய் இரண்டைப் போட்டு மேலே மண் கொட்டியிருந்தேன். போன ஐப்பசி மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. போதாக்குறைக்குத் தண்ணீர் வண்டித்தடத்தில் திரும்பி, காபிச் செடிகளுக்கு நடுவே பள்ளம் பறித்துவிட்டது. இந்த முறை ஹியூம் குழாய் (கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் குழாய்) போடலாம் என்றிருக்கிறேன். எந்த அளவு போதும்? மேலே சுமார் 15 ஏக்கர் சரிவுத் தண்ணீர் இங்கேதான் வருகிறது. பாலத்துக்கு வெகு மேலே, தடையில்லாத இடத்தில், ஓடையின் அடியிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் குப்பை ஒதுங்கியிருந்தது.

பதில்: குப்பை ஒதுங்கிய உயரத்தை அளந்து வைத்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். பலர் குழாய்க் கடையில் என்ன இருக்கிறதோ அதை வாங்கி வந்துவிட்டு அப்புறம்தான் ஓடையைப் பார்ப்பார்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குப்பை நின்ற உயரம்வரை வெள்ளம் ஏறியிருக்கிறது. 4 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றால் வெள்ளம் வந்த வழி 5 சதுர அடி. ஒரு அடிக் குழாய் இரண்டின் வாயையும் சேர்த்தால் 1.6 சதுர அடிதான் தேறும். மிச்சத் தண்ணீர் மண்மேல் ஏறித்தான் ஆக வேண்டும். 'இரண்டுக்குப் பதில் நாலு போடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அது கடத்தும் தண்ணீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். அதோடு சின்னக் குழாயில் ஒரு சில்வர் ஓக் நிழல்மரக் கிளை குறுக்கே மாட்டினால் போதும், பின்னால் வரும் இலையும் சேறும் வாயை மூடிவிடும். ஒரே பெரிய குழாய்தான் நல்லது.

எவ்வளவு பெரியது? 15 ஏக்கர் என்பது 6 ஹெக்டேர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு பேய்மழை கொட்டி, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால், ஓடையில் விநாடிக்குச் சுமார் 670 லிட்டர் வரும். 600 மில்லிமீட்டர் குழாயின் வாய் நிறைகிற அளவுக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 350 லிட்டர் போகும். 900 மில்லிமீட்டர் குழாயில் 1,000 லிட்டர் பக்கம் போகும். அதன் வாய் 6.8 சதுர அடி, உங்கள் குப்பைக் கணக்குக்கும் சரியாக வருகிறது. ஆகவே 900 மில்லிமீட்டர், என்பி3 ரகம் (வண்டிப் பாரம் தாங்கும் கனமான சுவர் கொண்டது). அதற்குக் கீழ் ரகமான என்பி2 விலை குறைவுதான், ஆனால் சுவர் மெல்லியது. காபி மூட்டை ஏற்றிய மினி லாரிக்கு அதை நம்ப வேண்டாம். ஒரு குழாய் இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். இரண்டு போட்டு இரு முனையிலும் கருங்கல் சுவர் எழுப்பினால் தடத்துக்குத் தேவையான அகலம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 2 டன் பக்கம் கனம் என்பதால், இறக்கிவைக்க இயந்திரமோ செயின் பிளாக்கோ (சங்கிலிக் கப்பி) இல்லாமல் தொடங்காதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் என்றாவது ஒருநாள் அது அடைத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டே பாலத்தைக் கட்டுங்கள். உங்களுக்குப் பெரிய சேதம் பாலம் போனதில் இல்லை. தண்ணீர் ஓடையை விட்டுத் தடத்தில் இறங்கியதில்தான். பாலத்தின் மேல்மட்டம் இரு பக்கத் தடத்தையும்விடத் தாழ்வாக இருந்திருந்தால், நிரம்பிய தண்ணீர் அந்த இடத்திலேயே தாண்டி மறுபடி ஓடைக்குள் விழுந்திருக்கும். குழாயின் மேல்விளிம்பு ஓடை அடியிலிருந்து 1 மீட்டர். அதன்மேல் 60 சென்டிமீட்டர் மண் என்றால் மொத்தம் ஐந்தேகால் அடி. உங்கள் கரை 6 அடி. முக்கால் அடித் தாழ்வு தானாகவே கிடைக்கிறது. 'வண்டி குலுங்குகிறது' என்று யாராவது அதை நிரவி மேடாக்க வந்தால் விடாதீர்கள். தடம் கீழ்நோக்கிப் போகிற பக்கத்தில், பாலத்தை ஒட்டி ஓர் அடி உயரத்துக்கு அகலமான மண்திட்டு ஒன்றும் போட்டுவிடுங்கள். வண்டி ஏறி இறங்கும், தண்ணீர் திரும்பாது. தாழ்வான அந்தத் துண்டின் மேல்பரப்பிலும் கல் பதித்துவிட்டால் ஒருமுறை வெள்ளம் தாண்டினாலும் மண் கரையாது.

குழாயை ஓடை போகிற திசையிலேயே வையுங்கள். தடத்துக்கு நேர்குறுக்காக வைக்கலாம் என்று மேஸ்திரி சொல்லுவார், அவருக்குச் சுவர் கட்ட அதுதான் சுலபம். ஆனால் தண்ணீர் வளைந்து போய் எதிர்க்கரையை அரிக்கும். சரிவும் ஓடையின் சரிவாகவே இருக்கட்டும். குழாயின் உள்ளடி ஓடை மட்டத்துக்கு வர வேண்டும், அதனால் குழாய்ச் சுவரின் கனமும் கான்கிரீட்டின் கனமும் சேர்ந்த ஆழத்துக்குத் தோண்டி, அடியில் 15 சென்டிமீட்டர் 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட் 1, மணல் 4, ஜல்லி 8 பங்கு) போட்டு அதன்மேல் உட்காரவையுங்கள். இணைப்பைச் சிமெண்டுக் கலவையால் பூசி, காய்ந்த பிறகு மண் போடலாம். மண்ணை ஈரப்பதத்தோடு அரையடி அரையடியாக, இரண்டு பக்கமும் சமமாக இட்டு இடிக்க வேண்டும். குழாயின் இடுப்புக்குக் கீழே மண் இறுகாவிட்டால் அங்கேதான் தண்ணீர் முதலில் ஊடுருவும். தோண்டிய பாறாங்கல்லை அப்படியே மேலே தள்ளுவது வேண்டவே வேண்டாம்.

பணம் குறைந்தால் எங்கே வேண்டுமானாலும் கைவையுங்கள், கீழ்வாயில் மட்டும் வைக்காதீர்கள். குழாயிலிருந்து வெளிவரும் தண்ணீருக்கு வேகம் அதிகம். அது வெறும் மண்ணில் விழுந்தால் கிடங்கு பறித்து, சுவரின் அஸ்திவாரத்தையே வெறுமையாக்கும். அதனால் 3 மீட்டர் நீளத்துக்கு, போகப்போக அகலமாகும்படி பெரிய கல் பதியுங்கள். ஓர் ஆள் தூக்கத் திணறுகிற அளவுக் கல் வேண்டும், ஜல்லி நிற்காது. கடைசி வரிசைக் கற்களை 2 அடி ஆழத்தில் புதையுங்கள். இரு கரையிலும் வெட்டிவேர் வைத்தால் இரண்டு மழைக்குள் பிடித்துக்கொள்ளும்.

மேல்வாயில் கம்பி வலை வைக்கலாமா என்று கேட்பீர்கள். வாயை ஒட்டி வைத்தால் அதுவே மூடியாகிவிடும். நாலைந்து மீட்டர் மேலே, ஒன்றரை அடி இடைவெளியில் கல்தூண்களை நட்டால் பெரிய கிளைகள் அங்கேயே நின்றுவிடும். இலை குழாய் வழியாகப் போகட்டும். கவாத்துக் கழிவை (வெட்டிக் கழித்த கிளைகளை) ஓடையோரம் குவிக்கும் பழக்கம் இருந்தால் ஆட்களிடம் சொல்லி நிறுத்துங்கள்.

குழாய்க்கு முன்பணம் கொடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேடு) பாருங்கள். ஓடை புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் நிலத்துக்குள் ஓடினாலும் அது அரசு நிலம். அனுமதி வாங்காமல் கட்டக்கூடாது. மலைக் கிராமங்களில் மண் அள்ளும் இயந்திரம் இறக்கவும் தனியாக அனுமதி கேட்பார்கள், இரண்டுக்கும் சேர்த்தே மனு கொடுத்துவிடுங்கள். வேலைக்கு மாசி மாதம் தோதானது. காபிப் பறிப்பு முடிந்திருக்கும், ஓடை காய்ந்திருக்கும். சித்திரையில் இடிமழை வருவதற்குள் கல் பதிப்பு வரை முடித்துவிட வேண்டும். முதல் பெருமழை விட்டதும் கீழ்வாய்க் கற்களைப் போய்ப் பாருங்கள். ஏதாவது நகர்ந்திருந்தால் அடுத்த மழைக்கு முன் அதைவிடப் பெரிய கல்லாக மாற்றிவிடுங்கள்.