முகம் சிவக்கிறதா? பூசுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள் (தோல் கேள்வி பதில்)

கேள்வி: கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து எரிகின்றன. சிறு பருக்களும் உண்டு. பரு மருந்து போட்டால் இன்னும் மோசமாகிறது.

பதில்: ரோசேசியாவாக இருக்கலாம், முகம் அடிக்கடி சிவந்து எரியும் தோல் நோய். சாதாரணப் பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. வெயில், சூடான பானம், காரம், மது, மன அழுத்தம் என்று தூண்டுவது ஆளுக்கு ஆள் மாறும். எது என்று சில வாரம் குறித்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இரண்டும் தினமும் வேண்டும். பருக்களுக்கு மெட்ரோநிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் 1% இவற்றில் ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். வெளியே தெரியும் ரத்தக் குழாய்கள் இவற்றுக்கு அடங்காது, அதற்கு லேசர். கண் உறுத்தினால் அதையும் சொல்லுங்கள். ரோசேசியா கண்ணிலும் வரும்.

அப்புறம், இப்போது பூசும் களிம்பின் குழாயைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: என் நிறம் கருப்பு. சிவப்பே தெரியவில்லை, ஆனால் முகம் சூடாக எரிகிறது.

பதில்: கருத்த தோலில் சிவப்பு பழுப்பாகவோ ஊதா கலந்தோதான் தெரியும். இதனாலேயே பலருக்கு நோய் தாமதமாகப் பிடிபடுகிறது. சூடு, எரிச்சல், வீக்கம் மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மூக்கோர மடிப்பில் சிவப்பும் செதிலும்.

பதில்: பொடுகின் உறவுக்காரன், செபொரிக் டெர்மடைடிஸ். கீட்டோகொனசோல் பெரும்பாலும் அடக்கும். மடிப்பை மட்டும் விட்டுவிட்டு இரு கன்னமும் சிவந்து, மூட்டும் வலித்தால் கதை வேறு. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி: எலுமிச்சைச் சாறு தடவலாமா?

பதில்: கூடாது. வெயில் பட்டால் கொப்புளம் வரலாம்.

கேள்வி: கன்னம் சிவப்பு. என்ன பூசலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். குழாயையும்.

கேள்வி: ஸ்டீராய்டு என்று சும்மா பயமுறுத்துகிறீர்கள். எனக்கு இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது.

பதில்: போகத்தான் செய்யும். அது ரத்தக் குழாயைச் சுருக்கும். தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான் அதன் வீரியத்தையே அளக்கிறார்கள். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், பருவும் வரும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். உடனே மறுபடி பூசுவீர்கள்.

கேள்வி (வேறொருவர்): பதிலில் சொன்னது சரி. நான் மாதக்கணக்கில் பூசினேன், இப்போது ஒரு நாள் விட்டாலும் நெருப்பாய் எரிகிறது.

பதில்: நீங்களாக எதுவும் மாற்றாதீர்கள். சிலருக்குப் படிப்படியாகக் குறைத்து, டாக்ரோலிமஸ் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். குழாயோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். வெறுங்கையோடு போய் ‘ஏதோ வெள்ளைக் க்ரீம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

கேள்வி (முதலில் வாதிட்டவர்): அப்படியென்றால் என் குழந்தையின் எக்சிமாவுக்கு டாக்டரே ஹைட்ரோகார்ட்டிசோன் தந்தது தப்பா?

பதில்: சரியாகத்தான் தந்திருக்கிறார். எக்சிமாவுக்கு அது நல்ல மருந்து, வீரியமும் குறைவு. அவர் சொன்ன அளவு, சொன்ன நாள். என் பேச்சைக் கேட்டுப் பாதியில் விடாதீர்கள். உங்கள் முகத்துக்கு யார் எழுதித் தந்தார்கள் என்று மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: முகம் சிவப்பாக...

பதில்: குழாய்!

கேள்வி: ஒரு காலில் மட்டும் சிவப்பு, நேற்றைவிடப் பரவியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது. என்ன களிம்பு?

பதில்: களிம்பு வேண்டாம். தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்றாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுவிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இவர் கிளம்பிவிட்டேன் என்று சொல்லட்டும்.