சமைக்காத உணவு: சீட்டில் வந்த கேள்விகள்

மதுரையில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு பூங்காவில் கூடுவோம். ஆளுக்கொரு சமைக்காத பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவோம். போன தடவை புதியவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்ததால் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அங்கே சொன்ன பதில்களையும், நேரமில்லாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. 12 வருடமாக இப்படிச் சாப்பிடுகிறேன், அதில் பல தப்புகளும் செய்திருக்கிறேன்.

வீட்டில் நான் ஒருத்திதான் இயற்கை உணவு. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் “ஆடு மாதிரி பச்சையா மேயுறா” என்கிறார். எப்படிச் சமாளிக்க?

ஆரம்பத்தில் நானும் வீட்டில் பிரசங்கம் செய்தேன். சோற்றைப் பார்த்து முகம் சுளித்தேன். ஆறே வாரத்தில் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. அதனால் மாமியாரைத் திருத்தும் வேலையை முதலில் விடுங்கள்.

ஸ்ரீராமநவமிக்கு வடைப்பருப்பும் பானகமும் செய்கிற வீடா உங்களுடையது? ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய மாங்காய், தேங்காய், உப்பு. இதில் அடுப்புக்கு எங்கே வேலை? அதை உங்களைவிட உங்கள் மாமியார் நன்றாகச் செய்வார். “அத்தை, உங்க கைப்பக்குவம் எனக்கு வரலை, சொல்லிக் கொடுங்க” என்று கேளுங்கள். இப்படிக் கேட்ட ஒரு தங்கையின் வீட்டில் இப்போது வாரம் இரண்டு நாள் இரவுச் சாப்பாடே அதுதான். (பானகத்தில் போடும் வெல்லம் காய்ச்சியதுதானே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும்.)

மூன்று வேளையையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரு வேளை உங்களுடையதாக இருக்கட்டும், மற்ற வேளைகளில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மன உறுதி இருந்தால் தனியாகவே செய்யலாமே, கூட்டம் எதற்கு?

காந்தி 1893-ல் பிரிட்டோரியாவில் இருந்தபோது சமைக்காத உணவைத் தனியாக முயன்று பார்த்தார். சில நாட்களிலேயே கைவிட்டார். 1929-ல் சபர்மதி ஆசிரமத்தில் உடனிருந்தவர்கள் சிலரோடு மறுபடி தொடங்கியபோது மாதக்கணக்கில் ஓடியது. அப்போதும் கடைசியில் வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம், அவர் நிறுத்தியதையும் மறைக்கவில்லை என்பதுதான். கூட்டம் வேண்டும் என்று நான் சொல்வது சாப்பிட வைப்பதற்கு மட்டும் இல்லை, போதும் நிறுத்து என்று சொல்வதற்கும் ஆள் வேண்டும்.

எனக்குச் சர்க்கரை. நான் சேர்ந்திருக்கும் குழுவின் பெரியவர் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறார். கேட்கலாமா?

கேட்காதீர்கள். முடிந்தால் அந்தக் குழுவை விட்டே வெளியே வாருங்கள்.

சோறு, இட்லி குறைந்தால் சர்க்கரை அளவும் குறையும், சரி. ஆனால் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். நாமாக நிறுத்தினால் ஏறலாம். எவ்வளவு குறைப்பது என்பதைச் சோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இளநீரிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு நஞ்சாகிவிடும்.

என் கதையையும் சொல்கிறேன். மூன்றாவது வருடம் என் பாதங்களில் மரமரப்பு வந்தது, எந்நேரமும் அசதி. அப்போது நான் இருந்த குழுவில் கேட்டேன். “கழிவு வெளியேறுது, பொறுத்துக்கங்க” என்றார்கள். எட்டு மாதம் பொறுத்துக்கொண்டேன். என் தங்கை திட்டி இழுத்துக்கொண்டு போய் இரத்தம் பரிசோதித்தால் வைட்டமின் பி12 தரைமட்டம். ஊசி போட்டுத்தான் சரியானது. தாவர உணவில் நம்பகமான பி12 கிடையாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத வகை. பால், முட்டை எதுவும் தொடாதவர்கள் மாத்திரையாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தலைவலியா, கழிவு. முடி கொட்டுகிறதா, கழிவு. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பதில் வருகிற இடத்தில் உங்களைக் கவனிக்க யாரும் இல்லை என்று அர்த்தம்.

படித்த இயற்கை மருத்துவரைப் பார்க்க விரும்பினால் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

ஐந்து மாதம் கர்ப்பம். குழுவில் எல்லாரும் முளைகட்டிய பயறு கொடுக்கிறார்கள். சாப்பிடலாமா?

பச்சையாக வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடுங்கள். முளை வருவதற்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையில் பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்போடு கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை.

முழுக்க இயற்கை உணவுக்கு மாறி ஒரு வருடம். நன்றாக இளைத்துவிட்டேன். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. அக்காமார்கள் “உடம்பு சுத்தமாயிடுச்சு” என்கிறார்கள்.

தங்கச்சி, இது சுத்தம் இல்லை, பட்டினி. ஜெர்மனியில் நீண்ட நாள் சமைக்காத உணவு சாப்பிட்டவர்களிடம் எடுத்து 1999-ல் வெளியான ஆய்வில், 45 வயதுக்குக் கீழே இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தவறியோ நின்றோ போயிருந்தது. எடை குறையக் குறைய இது அதிகமாகவும் இருந்தது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சமைத்த உணவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் யாராவது முகம் கோணினால் என்னிடம் அனுப்புங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன செய்வது?

இலையில் பச்சடி, வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். பாயசம் ஒரு வாய். காரணம் கேட்டால் “வயிறு சரியில்லை” என்றால் போதும். பந்தியில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து இலைக்காரர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு குழுவும் இல்லை. ஆட்களை எங்கே தேடுவது?

உழவர் சந்தையில். விளையாட்டாகச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு இரண்டு கிலோ வெள்ளரியும் ஆறு தேங்காயும் வாங்குகிறவரிடம் “என்ன விசேஷம்?” என்று கேட்டுத்தான் எங்கள் குழுவின் இரண்டாவது ஆள் கிடைத்தார். நடைப்பயிற்சி மைதானம், யோகா வகுப்பு, மரபு விதை விற்கும் சந்தை, இங்கெல்லாம் பேச்சுக் கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்தாலே தேங்காயும் பழமும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். தனியாக ஒரு பப்பாளி வாங்கினால் பாதி அழுகிப்போகும், இந்தச் சாப்பாட்டில் செலவு கூடுவதே அங்கேதான்.

சேர்ந்த பிறகு இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பொடி, எண்ணெய், ‘நச்சு நீக்கும்’ பானம் விற்க வருகிறவர்களை முதல் நாளே தடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் அது கடையாகிவிடும். அப்புறம், எதைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராஜ்மாவை ஊறவைத்தால் மட்டும் போதாது, கொதிக்க வேகவைக்காவிட்டால் வாந்தி நிச்சயம். மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சை படிந்த உருளைக்கிழங்கு எப்படியுமே ஆகாது. தக்காளியின் சிவப்புச் சத்துகூட வெந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். இதைச் சொல்லப்போய் ஒரு முறை கூட்டத்தில் பாதிப் பேர் என்னை முறைத்தார்கள்.

மூன்று மாதம் இருந்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். இனி கூட்டத்துக்கு வர வெட்கமாக இருக்கிறது.

இந்தச் சீட்டில் பேர் இல்லை, ஆனால் கையெழுத்தைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிட்டது. அண்ணே, எங்களில் முழு நேரமும் சமைக்காமல் சாப்பிடுகிறவர்கள் மூன்றே பேர். குழுவை என்னோடு ஆரம்பித்தவர் காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார். அடுத்த ஞாயிறு வாருங்கள். வரும்போது அந்தத் தேங்காய்த் துருவியை மறக்காதீர்கள், எங்களிடம் இருந்தது உடைந்துபோச்சு.