இரண்டு நிறத்தில் பின்னிய சாக்ஸ் குதிகாலைத் தாண்டவில்லை, பிரித்துவிடலாமா?

பிரித்துவிடுங்கள். இன்றைக்கே பிரித்தால் நல்லது. நான் ஐந்து மாதம் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தானாக ஒன்றும் பெரிதாகவில்லை.

ஒன்றரை மாத உழைப்பு, பிரிக்க மனசு வரவில்லை, வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆகியிருக்கிறது. அதுவும் பொங்கலன்று, அம்மா காலில்.

கேரளாவில், தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறேன். பூர்வீகம் சங்கரன்கோவில். இங்கே ஜனவரி விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும், குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவுக்குப் பித்தவெடிப்பு. கடையில் வாங்கின நைலான் சாக்ஸ் வெடிப்பில் மாட்டி மாட்டி இழுக்கிறது என்று புலம்புவார். சரி, நாமே கம்பளி நூலில் பின்னிக் கொடுப்போம் என்று நினைத்தேன். நைட் ஷிஃப்டில் கிடைக்கிற இடைவேளையில், யாருக்கும் சொல்லாமல். அம்மாவுக்குத் தெரியாமல் பின்னுகிறவன் அவர் காலை எப்படி அளப்பான்? அம்மாவின் செருப்பை வைத்து நீளம் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

டிசைன் என் சொந்தச் சரக்கு. வெள்ளையில் கரும்பச்சையாக இரண்டு இலையும் நடுவில் ஒரு மொட்டும். (கூட வேலை பார்க்கிறவன் எட்டிப் பார்த்துவிட்டு "கட்சி சாக்ஸா?" என்றான்.) ஒரு சுற்றுக்கு 64 கண்ணி (ஊசியில் ஏறுகிற நூல் வளையம்), 2.5 மில்லிமீட்டர் ஊசி. ஒரு கொழுந்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 9 கண்ணி வெள்ளை. அந்த 9 கண்ணிக்கும் பச்சை நூல் பின்பக்கம் சும்மாவே ஓடும். அது தொங்கினால் கால் விரல் மாட்டுமே என்று ஒவ்வொரு முறையும் இழுத்து இறுக்கினேன். முன்பக்கம் அச்சடித்த மாதிரி வந்தது. நான்கு அங்குலம் ஆனபோதே மூங்கில் குழாய் மாதிரி விறைப்பாக நின்றது. கைக்குத் தெரிந்துவிட்டது. அலசினால் இளகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொடர்ந்தேன்.

பொங்கலன்று காலை அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலே, இது காலுக்கா, கைக்கா?" மாட்டினால் குதிகாலில் வந்து நின்றுவிட்டது. "குதிகால வீட்லயே வச்சிட்டுப் போறேன், போ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் நாடாவை எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே சுற்றளவு 8 அங்குலம். ஆனால் குதிகாலின் முனையிலிருந்து பாதத்தின் மேல் வளைவு வரை சாய்வாகச் சுற்றினால் 12. ஒற்றை நூல் பின்னல் அந்த அளவுக்கு இழுபடும். பின்னால் நூல் ஓடுகிற பின்னல் அந்த நூல் விடுகிற அளவுக்குத்தான் விரியும். போதாததற்கு இரண்டு நிறம் வந்தால் கண்ணிகளும் நெருங்கிவிடுகின்றன. ஒற்றை நிறத்தில் அங்குலத்துக்கு 8 வந்த அதே கைக்கு இதில் 9 வந்தது. சாம்பிள் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். போட்டேன், ஒற்றை நிறத்தில்!

இரண்டாவது தடவை 72 கண்ணி, 2.75 ஊசி. கொழுந்தைச் சின்னதாக்கி 12 கண்ணிக்கு ஒன்று வைத்தேன், பின்னால் எந்த நூலும் 5 கண்ணிக்கு மேல் தாண்டவில்லை. நிறம் மாற்றுவதற்கு முன் வலது ஊசியில் இருக்கிற கண்ணிகளை விரலால் நன்றாக விரித்துவிடுங்கள், பாதிப் பிரச்சனை அதிலேயே போய்விடும். டிசைன் கணுக்காலுக்கு மேலே மட்டும் போதும். குதிகாலும் பாதமும் ஒற்றை நிறம்.

அதிலும் ஒரு கோளாறு. இரண்டாவது காலைப் பாதியில் வைத்துவிட்டு டீ குடித்து வந்து, பச்சையை எந்தக் கையில் பிடித்திருந்தேன் என்பதை மறந்து கை மாற்றிவிட்டேன். கீழே இருந்து வருகிற நூல்தான் முன்னால் எடுப்பாகத் தெரியும், எது கீழே வரும் என்பது பிடிக்கிற கையைப் பொறுத்தது. இடது காலில் இலை பளிச்சென்று இருக்கிறது, வலது காலில் பாதிக்கு மேல் மங்கல். அதைப் பிரிக்கவில்லை.

ஆம்பளை பின்னுவதா என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டில் தக்கீலே தீவில் ஊசி எடுத்துக் குல்லா பின்னுவது ஆண்கள்தான். 2005இல் யுனெஸ்கோவே அந்தத் தீவின் நெசவுக் கலையைப் பாரம்பரியம் என்று அறிவித்தது. நான் பெரிய நிபுணன் என்று சொல்லவில்லை, ஒரு ஜோடிதான் பின்னியிருக்கிறேன்.

நூல் வாங்கிய கதை வேறு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போடிக்குப் போனால், வியர்த்து ஒழுகிக்கொண்டு கடைக்காரர் "இந்த வெயில்ல கம்பளியா? கேரளாக்காரங்களுக்குத்தான் இதெல்லாம்" என்கிறார். ஆன்லைனில் போட்டால் கூரியர்காரர் டவுனோடு நின்றுகொண்டு மலையாளத்தில் "இறங்கி வாங்க" என்கிறார், நான் தமிழில் பதில் சொன்னால் "பாண்டியா?" என்று ஒரு இழுவை. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை என்று யாரோ கோடு போட்டார்கள், எங்கள் தாத்தாவைக் கேட்டா போட்டார்கள்? சரி, அதை விடுங்கள்.

பிரிக்கும்போது இரண்டு நூலும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். இன்னொருவரை எதிரில் உட்கார வைத்து ஆளுக்கொரு நிறமாகச் சுற்றுங்கள். எனக்கு அம்மாதான் உட்கார்ந்தார். சுருண்ட நூலைக் கொதிக்கிற கெட்டில் ஆவியில் காட்டினால் நிமிர்ந்துவிடும்.

அதற்கு முன், உங்கள் சாக்ஸின் உள்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எத்தனை கண்ணி தாண்டியிருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.