நீளமான ஸ்பானிஷ் வார்த்தைய எங்க வெட்டறது, எங்க அழுத்தறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, காது மூக்கு தொண்டை டாக்டருக்கு ஸ்பானிஷ்ல இருக்கற வார்த்தைய பாத்தாலே மூச்சு வாங்குது. எப்படி பிரிக்கறது?

பதில்: பயப்படாதீங்க. ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரே ஒரு மெய் இருந்தா அது அடுத்த உயிரோட போயிடும், இது பிடிபட்டாலே முக்காவாசி வேலை முடிஞ்சுது. ஓ-தோ-ர்ரி-நோ-லா-ரின்-கோ-லோ-கோ, மொத்தம் 9 அசை. ரெட்டை ஆர் வந்தா ஒரே எழுத்தா நினைங்க, நடுவுல வெட்டவே கூடாது. அழுத்தம் 7வது அசைல, அங்கதான் ஓ மேல சின்ன கோடு இருக்கும்.

கேள்வி: கோடே இல்லன்னா?

பதில்: கடைசி எழுத்த பாருங்க. உயிர், இல்ல என், இல்ல எஸ்ல முடிஞ்சா கடைசிக்கு முந்தின அசைல அழுத்தம், வேற மெய்ல முடிஞ்சா கடைசி அசைல. பெரும்பாலும் இத மீறுற வார்த்தைக்குத்தான் கோடு போடறாங்க, அதனால தயவு செஞ்சு கோட்ட விட்டுட்டு எழுதாதீங்க, அர்த்தமே மாறிடும். தெர்மினோன்னு ஒண்ணு எடுத்துக்கங்க, 'தெர்'ல அழுத்தினா முடிவு, 'மி'ல அழுத்தினா நான் முடிக்கிறேன், 'நோ'ல அழுத்தினா அவர் முடிச்சார்.

கேள்வி: நான் லிப்-ரோ, பெத்-ரோன்னு சொன்னா மேம் திருத்திக்கிட்டே இருக்காங்க, ஏன்?

பதில்: நம்ம வாய் பத்-ரம், சந்-திரன்னு பழகினது, மெய்ய முந்தின எழுத்தோட ஒட்டிடுவோம். ஸ்பானிஷ்ல ப்ர, த்ர, க்ர, ப்ல, க்ல மாதிரி ஜோடிங்க பிரியாது, அப்படியே அடுத்த உயிரோட போகும். லீ-ப்ரோ, பே-த்ரோ. எஸ் மட்டும் அடுத்த மெய்யோட சேராது, முந்தின அசையோட நின்னுடும்: இன்ஸ்-த்ருக்-சியோன். த்ல வந்தா ஊருக்கு ஊர் மாறும், ஸ்பெயின்ல பெரும்பாலும் அத்-லே-தா, மெக்சிகோல ஆ-த்லே-தா, ரெண்டுமே சரி.

கேள்வி: சியோன் ஒரு அசையா? அப்போ மரியா?

பதில்: ஆமா, ஒண்ணுதான். ஈ, ஊ மெலிசான உயிர், ஆ, ஏ, ஓ வலுவானது, மெலிசும் வலுவும் சேந்தா ஒரே அசை. ஆனா மெலிசு மேலயே கோடு இருந்தா பிரிஞ்சிடும், அதான் மா-ரீ-ஆ மூணு. வலுவும் வலுவும் பக்கத்துல வந்தாலும் பிரியும், எ-லெக்-த்ரோ-என்-செ-ஃபா-லோ-க்ரா-ஃபிஸ்-தா 10 அசை, கோடு இல்ல, உயிர்ல முடியுது, அப்போ அழுத்தம் 'ஃபிஸ்'லன்னு நீங்களே சொல்லிடலாம்.

கேள்வி: 'மென்தே'ல முடியற வார்த்தைக்கு?

பதில்: இதுக்கு மட்டும் ரெண்டு அழுத்தம்! ரா-பி-தா-மென்-தேல 'ரா'லயும் 'மென்'லயும். மூல வார்த்தைல கோடு இருந்தா அப்படியே வச்சுக்கணும், இல்லன்னா புதுசா போடக்கூடாது.